பாரம் எங்கே நிற்கிறது

காட்டுப்பாக்கம் தட்டையான ஊர். பூந்தமல்லி டிரங்க் ரோட்டில் மெட்ரோ தூண்களை ஒட்டி எவ்வளவு நடந்தாலும் காலுக்கு மேடு தட்டுப்படாது. பாறையேறும் வண்டிக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். ஆனால் மாங்காட்டைத் தாண்டினால் சிக்கராயபுரம். கைவிடப்பட்ட கல்குவாரிகள் அங்கே வரிசையாகக் கிடக்கின்றன. 2017-இலும் 2019-இலும் சென்னை தண்ணீருக்குத் தவித்தபோது அந்தக் குழிகளில் தேங்கிய நீரைச் செம்பரம்பாக்கத்துக்குக் கொண்டுபோய்ச் சுத்திகரித்துத்தான் குழாயில் விட்டார்கள். நகரத்துக்கு அந்தக் குவாரிகள் தண்ணீரால்தான் பழக்கம். இன்னும் தென்கிழக்கே போனால் பல்லாவரம். 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இடம். அந்தப் பக்கத்துக் கரும்பாறைக்குச் சார்னோக்கைட் என்று பெயர். ரேடியோவில் ஓடும் ராக் கிராலரை ஏற்றிப் பார்க்க இதைவிடக் கறாரான கல் கிடைக்காது. உடைத்த முகம் சொரசொரப்பாக டயரைப் பிடித்துக்கொள்ளும். அதே கல்லில் குவாரித் தூசி படிந்த இடம் வழுக்கிவிடும். இரண்டு முகத்துக்கும் ஒரே செட்டிங் உதவாது. கிராலரைப் போட்டிக்குத் தயார் செய்கிறவர்களின் வேலையை உள்ளே போய்ப் பார்க்கும்போது எனக்குப் பட்டது இதுதான்: அவர்கள் வண்டிக்கு வலுவைக் கூட்டுவதில்லை, பாரத்தை இடம் மாற்றுகிறார்கள். ஒவ்வொரு இடமாற்றத்துக்கும் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்கிறார்கள். எதை விட்டுக்கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் இந்தத் தொழிலின் நுட்பம்.

ரிமோட் கார் என்றதும் மைதானத்தில் சீறிப் பாய்கிற ஒன்று மனத்தில் வரும். கிராலர் ஆள் நடக்கும் வேகத்தில்கூடப் போகாது. பத்தில் ஒரு பங்கு அளவில் செய்த ஜீப். மூன்று கிலோவை ஒட்டிய எடை. நாலு சக்கரத்துக்கும் இழுவை. பெரும்பாலான போட்டிகளில் பாறைகளுக்கு நடுவே இரண்டிரண்டு குச்சிகளை நட்டு வாசல்கள் அமைத்திருப்பார்கள். ஓட்டுகிறவர் ரிமோட்டைப் பிடித்தபடி வண்டியோடு கூடவே நடப்பார். குச்சியைத் தொட்டால் தண்டப் புள்ளி, பின்னுக்கு எடுத்தாலும் தண்டம், கவிழ்ந்த வண்டியைக் கையால் நிமிர்த்தினால் அதற்கும் தண்டம். தண்டம் குறைந்தவருக்கே வெற்றி. ஆகவே கிராலர் பட்டறை மேசையில் குதிரைத்திறனைப் பற்றிய பேச்சே எழுவதில்லை. மேசையில் இருப்பது இரண்டு சமையலறைத் தராசு. முன்சக்கரங்கள் ஒன்றின் மேல், பின்சக்கரங்கள் மற்றதன் மேல். எந்த உதிரிபாகத்தை மாற்றினாலும் முதலில் எழும் கேள்வி, “அண்ணே, முன்னாடி எவ்வளவு காட்டுது?” என்பதுதான்.

முன்பக்கம் அறுபது, பின்பக்கம் நாற்பது என்பது கிராலர் உலகில் கிட்டத்தட்ட வாய்ப்பாடு. ஏன் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். சைக்கிள் கேரியரில் தண்ணீர் கேன் கட்டிக்கொண்டு பாலம் ஏறுகிறவருக்கு முன்சக்கரம் தூக்குவது தெரியும், அதே கதைதான். முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே 313 மில்லிமீட்டர், மொத்த எடையின் மையம் தரையிலிருந்து 70 மில்லிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். எடை சரிபாதியாகப் பிரிந்த வண்டி 60 டிகிரிச் சரிவில் ஏறும்போது முன்சக்கரங்களின் மேல் நிற்பது மொத்த அழுத்தத்தில் பதினோரு சதவீதம்தான். முன்னால் அறுபது வைத்தால் அது இருபத்தொன்றாகிறது. முன்சக்கரத்தின் பிடி ஏறக்குறைய இரட்டிப்பு. பின்புறமாகக் கவிழும் கோணமும் 66 டிகிரியிலிருந்து 69-க்கு மேல் போகிறது. இதோடு நிறுத்தினால் எல்லாம் லாபம் போலத் தெரியும். அதே வண்டியைத் தலைகீழாக இறக்கிப் பாருங்கள். சரிபாதி வண்டி இறங்கும்போதும் 66 டிகிரி தாங்கும். முன்கனத்த வண்டி 61-ஐ நெருங்கும்போதே முகங்குப்புற விழுந்துவிடும். ஏற்றத்தில் கிடைத்தது நாலு டிகிரிக்கும் குறைவு, இறக்கத்தில் போனது ஐந்து. ஏறுவதைவிட இறங்குவது அதிகமுள்ள பாதையில் அந்தப் புகழ்பெற்ற அறுபது நஷ்டக் கணக்கு.

அந்த முன்கனத்த வண்டியின் எடை மையத்தைப் பத்து மில்லிமீட்டர் தாழ்த்தினால் மட்டும் இரண்டு பக்கமும் லாபம்: ஏற்றத்தில் 72 டிகிரி, இறக்கத்தில் 64. அப்படியானால் தாழ்த்திக்கொண்டே போக வேண்டியதுதானே? சேசிஸைத் தாழ்த்தினால் வண்டியின் வயிறு பாறை முகட்டில் உட்கார்ந்துவிடும், நாலு சக்கரமும் சும்மா சுற்றும். சேசிஸை உயரத்திலேயே விட்டுவிட்டுக் கனத்தை மட்டும் கீழே இறக்குவதற்காகத்தான் பித்தளை உள்ளே வந்தது. அலுமினியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் கனமான உலோகம் அது. சக்கரத்துக்குள் வளையமாகவும், முன் ஆக்சிலின் இரு முனைகளில் சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளாகவும், போர்ட்டல் கியர் மூடியாகவும் அதைப் போடுகிறார்கள். யுனிமோக் லாரியில் இருப்பது போன்ற போர்ட்டல் ஆக்சில் 2017-இல் டிராக்ஸஸ் டிஆர்எக்ஸ்-4 கிராலரிலும், 2020-இல் ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்10-III வண்டியிலும் வந்தது. சக்கரத்தருகே சிறு கியர்ப்பெட்டி வைத்து ஆக்சிலின் நடுப்பகுதியை மேலே தூக்கிவிடுவதால் வயிறும் தப்புகிறது, கனமும் தரையோடு ஒட்டி நிற்கிறது. சாலையில் ஓடும் காருக்கு ஸ்பிரிங்குக்குக் கீழே இருக்கும் எடை பகை. பள்ளத்தில் சக்கரம் துள்ளும். நடை வேகத்தில் துள்ளுவதற்கு எதுவும் இல்லாததால் அதே எடை இங்கே நண்பனாகிவிடுகிறது.

பித்தளையைக் கடைவது என்றதும் அம்பத்தூர் நினைவுக்கு வராமல் இருக்காது. 1960-களில் எழுந்த தொழிற்பேட்டை, அதைச் சுற்றி ஆவடி, பூந்தமல்லி வரை பரவிய ஜாப் ஒர்க் பட்டறைகள். சக்கர வளையம் ஒரு டர்னருக்குப் பெரிய வேலையில்லை. பித்தளை லேத்தில் வெண்ணெயாகச் சீவி வரும். மெதுவாகச் சுற்றும் சக்கரம் என்பதால் பாலன்ஸ் கொஞ்சம் பிசகினாலும் பாதகமில்லை. நக்கிள் அப்படியல்ல. பேரிங் உட்காரும் துளை துளி இறுகினாலும் ஸ்டீயரிங் கனக்கும், தளர்ந்தால் சக்கரம் ஆடும். அது மில்லிங் வேலை. திறமைக்குக் குறைவில்லாத ஊரில் தடையாக நிற்பது கூலிக் கணக்குதான். ஓரளவு மொத்தமாக ஆர்டர் வந்தால்தான் இயந்திரத்தைச் செட் செய்யும் நேரம் கட்டுப்படியாகும். ஒரே ஒரு ஜோடிக்காக எந்தப் பட்டறை முதலாளி வேலையை நிறுத்துவார்? ஆகவே கிராலர்காரருக்குச் சுலபமாகக் கிடைப்பது வளையம். நக்கிள் இறக்குமதியாகிறது.

பாரத்துக்கு அடுத்தது, அந்தப் பாரம் கல்லைத் தொடும் இடம். டயருக்குள் காற்று கிடையாது, ஃபோம் இருக்கிறது. வெளியே மென்மையும் உள்ளே விறைப்புமாக இரண்டு அடுக்கு வைப்பது வழக்கம்: மென்மையான அடுக்கு கல்லின் மேடுபள்ளத்தைச் சுற்றி வளைகிறது, விறைத்த அடுக்கு பக்கச்சரிவில் டயர் மடங்காமல் தாங்குகிறது. ஃபோம் ரொம்ப மென்மையானால் நேரே ஏறும்போது அற்புதம், சரிவில் பக்கவாட்டாகப் போகும்போது வண்டி சாய்ந்துவிடும். இங்கேயும் கொடுத்து வாங்கும் கணக்குதான். டிஃபரன்ஷியலைப் பூட்டி இரண்டு சக்கரத்தையும் ஒன்றாகச் சுற்ற வைத்தால் ஒரு சக்கரம் காற்றில் நின்றாலும் மற்றது இழுக்கும், ஆனால் வளைவு அகன்றுபோகும். அதைச் சரிக்கட்ட முன் ஆக்சிலின் கியரை மாற்றிப் பின்சக்கரத்தைவிட முன்சக்கரம் சற்று வேகமாகச் சுற்றும்படி செய்கிறார்கள்; முன்பக்கம் வண்டியை இழுத்துக்கொண்டு திரும்பும், பதிலுக்கு மோட்டாரும் கியரும் கூடுதலாகத் தேயும். திடீரென்று ஆக்சிலரேட்டரைக் கொடுத்தால் டிரைவ் ஷாஃப்ட்டின் முறுக்கு விசை சேசிஸின் ஒரு தோளைத் தூக்கிவிடும் சங்கதியும் உண்டு. ஆக்சிலைச் சேசிஸோடு இணைக்கும் மேல் லிங்க்கின் கோணம், ஸ்பிரிங்கின் விறைப்பு, ஷாக் அப்சார்பரில் ஊற்றும் சிலிக்கான் ஆயிலின் கெட்டித்தன்மை மூன்றையும் வைத்து அதை அடக்கப் பார்ப்பார்கள். முழுக்க அடக்கிவிட்டதாக யாராவது சொன்னால் நான் நம்பமாட்டேன்.

ஓட்டுகிறவன் கைதானே எல்லாம், திருகாணி திருப்புவதில் என்ன இருக்கிறது என்று ஒரு வாதம் உண்டு. பாதி உண்மை. பாறையில் எந்தத் தடத்தைப் பிடித்து ஏறுவது என்று கண்தான் சொல்ல வேண்டும். ஆனால் 61 டிகிரியில் குப்புற விழும் வண்டியை எந்த விரலும் 64-இல் நிறுத்தாது. தவிர, விரலின் நுட்பம் கல்லைப் போய்ச் சேர வேண்டுமென்றால் மோட்டார் மிக மெல்லச் சுற்றத் தெரிந்ததாக இருக்க வேண்டும், கையை எடுத்ததும் பிரேக் சரிவிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டும். இரண்டும் மேசையில் முடிவாகிறவை.

இதைவிடக் கனமானது பணம் பற்றிய வாதம்: காசுள்ளவன் நல்ல பாகம் வாங்கி ஜெயிப்பான், இதில் கைத்திறன் எங்கே? டயருக்கும் ஸ்டீயரிங் சர்வோவுக்கும் இது பொருந்தும். மட்டமான சர்வோ கல்லிடுக்கில் மாட்டிய சக்கரத்தைத் திருப்பாது, அங்கே சாமர்த்தியம் பலிக்காது. ஆனால் விலையுயர்ந்த பாகமே வண்டியைக் கெடுப்பதும் இந்த மேசையில் சாதாரணம். பெரிய சர்வோவைப் போட்டுவிட்டு அதற்குப் போதிய மின்சாரம் தராமல் விட்டால் வலித்து இழுக்கும் நேரத்தில் ரிசீவரே அணைந்துபோகும். பளபளக்கும் உலோகப் பாகங்களை சேசிஸின் மேற்பகுதியில் அடுக்கினால் எடை மையம் உயர்ந்து, காசு கொடுத்துக் கவிழ்வதாகிவிடும். மறுபக்கம், பேட்டரியைப் பின்னாலிருந்து முன்னால் நகர்த்துவது, ஃபோமைக் கத்தரியால் சீவுவது, ஷாக் ஆயிலை மாற்றுவது ஆகியவற்றுக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. தராசு சொல்லும் எண்ணில் பெரிய மாற்றம் தருவது பல நேரம் அந்தப் பேட்டரிதான்.

கடைசியாக, இது பொம்மை என்பவர்கள். பதிலுக்கு ஆவடியைக் கைகாட்டிவிடலாம்: அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த போர் ஊர்தி ஆய்வு நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 2017-இல் முந்த்ரா என்ற, தொலைவிலிருந்து இயக்கும் ஆளில்லா ஊர்தியையும் அது வெளியே கொண்டுவந்தது. ரிமோட்டில் ஓடும் கனரக வண்டி காட்டுப்பாக்கத்துக்குப் பக்கத்து ஊரிலேயே பிறந்திருக்கிறது. ஆனாலும் அந்த உறவை நான் அதிகம் இழுக்கமாட்டேன். அளவைப் பத்தில் ஒன்றாக்கினால் எடை ஆயிரத்தில் ஒன்றாக வேண்டும். ஒன்றே முக்கால் டன் ஜீப்புக்கு ஒன்றே முக்கால் கிலோ மாடல்தான் நியாயம். கிராலர் மூன்று கிலோ. அதாவது அது சுருங்கிய ஜீப் இல்லை, தனக்கென்று வேறு விதி உள்ள தனி வண்டி. பெரிய வண்டியின் பொறியாளர் இந்த மேசைக்கு வந்தாலும் தராசிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும்.

சுங்கத் துறைக்குப் பொம்மை, மாடல் என்ற வேறுபாடெல்லாம் கிடையாது. அளவு குறைத்த மாடல்கள் பொம்மைகளோடு ஒரே தலைப்பில்தான் வருகின்றன. பொம்மைக்கான இறக்குமதி வரி 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60-ஆகவும், 2023-இல் 70-ஆகவும் ஏறியது. உள்ளூர்ப் பொம்மைத் தொழிலைக் காக்க வந்த வரி; கிராலர் செய்யும் உள்ளூர்த் தொழிலுக்கு அது துணையாகுமா என்பதைப் பாகம் பாகமாகத்தான் பார்க்க வேண்டும். பித்தளை வளையத்தை இந்தப் பகுதி லேத்துகள் இன்றைக்கே கடைந்து கொடுக்கும். லிங்க் கம்பியும் முடியும். சேர்ந்து ஆர்டர் கொடுக்கப் பத்துப் பேர் கிடைத்தால் நக்கிள்கூடக் கட்டுப்படியாகலாம். ஃபோமுக்கு மெத்தைக் கடையில் கேட்டுப் பார்க்கலாம். டயர் ரப்பர்தான் சிக்கல்: கல்லைப் பிடிக்கும் அந்த மென்மையான கலவைக்கும் அதை வார்க்கும் அச்சுக்கும் ஆகும் முதலீட்டை இவ்வளவு சிறிய சந்தை தாங்காது. வரி என்னவானாலும் அது இப்போதைக்குக் கப்பலிலோ விமானத்திலோதான் வரும்.