மூடியைத் திறக்காதவரைக்கும் தங்கம்

அன்புள்ள விஜி,

எங்க வீட்டு கம்ப்யூட்டர் சண்டை என்னாச்சுன்னு கேட்டியே. கம்பெனிப் பெட்டிதான் வந்திருக்கு. “ரிச்சி ஸ்ட்ரீட் போயி நானே பார்த்துப் பார்த்து அசெம்பிள் பண்ணித் தர்றேன் அண்ணி”ன்னு ஒத்தைக் கால்ல நின்ன கொழுந்தனார் இன்னும் முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டிருக்கார். பழசு ஓடத்தான் செஞ்சுது. 2025 அக்டோபரோட விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்னுபோச்சு, அந்தக் கிழட்டு ப்ராசஸருக்கு 11 ஒத்துவரல.

அவர் தன் மச்சினிக்குப் போட்டுக் கொடுத்த அசெம்பிள் கதை உனக்குத் தெரியுமில்ல? திரை இருண்டதும் ராம் விற்றவர் மதர்போர்டைக் கை காட்ட, மதர்போர்டுக்காரர் பவர் சப்ளையைக் கை காட்ட, அந்தப் பொண்ணு பில்லுக் கத்தையோட கடை கடையா அலைஞ்சா. இதுக்கு ஒரே பில், ஒரே போன் நம்பர், ஆளே வீட்டுக்கு வர்றார். விண்டோஸ் ஒரிஜினல், வைஃபை உள்ளேயே. சத்தமும் கிடையாது, பக்கத்திலேயே மாமியார் மத்தியானம் தூங்குறாங்கன்னா பார்த்துக்கோ.

ஆனா கம்பெனிக்காரன் சாமர்த்தியத்தைக் கேளு. முன்னாடி ஐ5 ஸ்டிக்கர் மினுக்குது. கண்ணுக்குத் தெரியாத இடத்தில எல்லாம் கையை இறுக்கிட்டான். 8 ஜிபி ராம், அதுவும் ஒத்தைக் குச்சி! அதையே ரெண்டு குச்சியாப் போட்டிருந்தா ப்ராசஸர் ரெண்டு வழியிலயும் ஒரே நேரத்தில தகவல் எடுக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத பெட்டியில திரைக்கும் அதே ராம்தான் பங்கு, அதனால வித்தியாசம் நல்லாவே தெரியும். கூடக் கொடுத்த கீபோர்டைப் பத்திப் பேசாம இருக்கிறது நல்லது. ஓசி ஆன்டிவைரஸ் வேற, காசு கட்டலைன்னா ஆபத்துன்னு தினம் மிரட்டுச்சு. தூக்கிட்டேன். விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே எங்களுக்குப் போதும்.

பெரிய கூத்து இனிமேதான். எங்க சீமந்த புத்திரனுக்கு கேம் ஆடணுமாம். கிராஃபிக்ஸ் கார்டு போட சித்தப்பாவைக் கூப்பிட்டான். மூடியைத் திறந்ததும் அவர் முகத்தில வந்த பிரகாசத்தை நீ பார்த்திருக்கணும்டி! பவர் சப்ளை வெறும் 180 வாட். பெருசா மாத்தலாம்னா, கடையில கிடைக்கிற ஏடிஎக்ஸ் சப்ளையோட பிளக் இந்த போர்டில சேராது. போர்டையும் சேர்த்து மாத்தலாம்னா அதுவும் அவங்க சொந்த அளவு, வேற போர்டு உட்காராது. ஸ்லாட் கொடுக்கிற 75 வாட்டிலேயே ஓடுற குட்டைக் கார்டுதான் கதி. பையன் ரெண்டு வேளை சரியாச் சாப்பிடல. எங்க வீட்டுக்காரர் வரவு செலவு எழுதவும், சின்னவ ஆன்லைன் வகுப்புக்கும் வாங்கினது அது. அதுக்கு இது தாராளம்னு நான் இப்பவும் சொல்லுவேன். கேம்தான் வேணும்னா முதல்லயே ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குத்தான் போயிருக்கணும், கொழுந்தனார் காதில போட்டுடாதே.

நீ ஆடித் தள்ளுபடியில வாங்கப் போறேன்னு எழுதியிருக்கே. ஐ5-ன்னு சொன்னா மயங்காதே, பின்னாடி வர்ற நம்பரைக் கேளு. 12400-ன்னா பன்னிரண்டாம் தலைமுறை, 9400-ன்னா ஒன்பதாவது. எஸ்எஸ்டியா, பழைய ஹார்ட் டிஸ்க்கான்னும், ராமுக்கு இன்னொரு ஸ்லாட் காலியா இருக்கான்னும் கேட்டுட்டுப் பணம் கட்டு. திரையும் பெட்டியும் ஒண்ணா ஒட்டின அழகுப் பொம்மையை உன் நாத்தனார் காட்டினா சிரிச்சுட்டு வந்துடு. திரை போச்சுன்னா மொத்தத்தையும் தூக்கிட்டுத்தான் ஓடணும். யூபிஎஸ்ஸுக்குத் தனியாப் பணம் எடுத்து வை, உங்க ஊர் கரண்ட் லட்சணம் எனக்குத் தெரியும்.

உன் சாந்தா