புதுவையில் ஒரு நாள்

பொதுத்தேர்வு முடிந்ததும் வில்லியனூர், பாகூர் மாணவியராகிய நாங்கள் எட்டுப் பேரும் ஒரு நாள் புதுவை நகரைச் சுற்றிப் பார்க்கப் போகிறோம். அதன்பின் யார் எந்தப் பள்ளியோ! விளக்கு வைக்குமுன் வீடு திரும்ப வேண்டும் என்பது பெற்றோர் கட்டளை. ஆகவே எதை விடுவது என்பதில்தான் எங்களுக்குள் வழக்கு.

கடற்கரைக் காந்தி சிலையையும், புகைவண்டி நிலையத்தருகே உள்ள இருதய ஆண்டவர் பசிலிக்காவையும் விட ஒருத்திக்கும் மனமில்லை. பாகூர்த் தோழியரோ அரிக்கமேடும் வேண்டும் என்றனர். அவர்கள் வரும் பேருந்து அரியாங்குப்பத்தைக் கடந்துதான் நகருக்குப் போகிறது. ஒரு நாளும் அங்கே இறங்கியதில்லையாம். "இடிந்த சுவரைப் பார்க்கவா பஸ் காசு?" என்று வில்லியனூர்ப் பக்கம் கேலி எழுந்தது. உண்மைதான், அங்கே கண்ணுக்குத் தெரிவது 18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு மிஷன் வீட்டின் சுவர்களே. உரோமாபுரியோடு நடந்த வாணிகத்தின் சான்றுகளை 1945இல் மார்ட்டிமர் வீலர் மண்ணுக்கடியிலிருந்துதான் எடுத்தார். அரிக்கமேட்டு மணிகளையும் பானை ஓடுகளையும் நகர அருங்காட்சியகத்தில் காணலாம். முதலில் ஆற்றங்கரையில் நின்று இடத்தைப் பார்த்துவிட்டு, பிறகு பொருளைப் பார்ப்பதல்லவா முறை!

முடிவில் சுண்ணாம்பாற்றுப் படகுச் சவாரியை விட்டோம். அதை ஆசையாய்க் கேட்டவள் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். கடற்கரையில் அவளுக்கு மட்டும் சுண்டல் இரண்டு பொட்டலம்.