முதலில் நங்கூரம், அப்புறம்தான் என்ஜின்!

ராமேஸ்வரத்தில் முப்பது வருடமாக விசைப்படகு ஓட்டுகிறார் அந்த டிரைவர். என்ஜினைப் பற்றிக் கேட்டால் கைக்குழந்தையைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் பேசுவார். “காய்ச்சல் வந்தா அது அனத்தும். கேக்குறதுக்கு நமக்குத்தான் காது வேணும்” என்பார். அவரிடம் தொழில் பழக வந்தவன் அவருடைய அக்கா மகன். ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் படித்த பையன்.

லாரி என்ஜினுக்கும் படகு என்ஜினுக்கும் பெரிய வித்தியாசம், சூட்டைத் தணிக்கும் முறையில்தான். லாரியில் ரேடியேட்டரின் மேல் காற்று அடிக்கும். படகின் வயிற்றுக்குள் காற்றுக்கு எங்கே போவது? அதனால் இரண்டு தண்ணீர் வேலை செய்கிறது. கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். ரப்பர் இம்பெல்லர் உள்ள பம்ப், படகின் அடியிலிருந்து கடல்நீரை இழுக்கும். அது ஃபில்டரைத் தாண்டி ‘ஹீட் எக்ஸ்சேஞ்சர்’ குழாய்களுக்குள் ஓடி, நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு பக்கவாட்டுக் குழாய் வழியாகக் கடலுக்கே திரும்பிவிடும். இரண்டு தண்ணீரும் ஒன்றோடொன்று கலக்காது.

ஒரு நாள் இருட்டில், வலை இறக்கும் இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தபோது மீட்டர் முள் 100 டிகிரியைத் தொட்டது. பக்கவாட்டுக் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் வடிந்தது. மாமா என்ஜினை நிறுத்தினார். பையன் ஸ்பேனரோடு கீழே ஓடினான்.

“மாப்ள, மேல வா! முதல்ல நங்கூரத்தைப் போடு!”

பையனுக்குப் புரியவில்லை. நங்கூரம் தரையைப் பிடித்த பிறகுதான் மாமா சொன்னார். “என்ஜினை ஒரு மணி நேரத்துல சரி பண்ணிரலாம். அந்த ஒரு மணி நேரத்துல நீவாடு நம்மள எங்க கொண்டு போகும்?” 1974-ல் இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு வகுத்த எல்லை வரைபடத்தில்தான் இருக்கிறது. தண்ணீரில் கோடு எதுவும் கிடையாது. ஓடாத படகு எல்லையைத் தாண்டினாலும் தாண்டியதுதான். நல்லவேளை, பாக் நீரிணையில் ஆழம் குறைவு. நங்கூரம் நின்றுவிடும்.

அடுத்து, கூலன்ட் மூடியைத் திறக்கப் போனான் பையன். மாமா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, தன் முழங்கையிலிருந்த பழைய தழும்பைக் காட்டினார். அழுத்தத்தில் அடங்கியிருக்கும் கொதிநீர், மூடி திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும். சூடான என்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஹெட்டே விரிசல் விடும். அரை மணி நேரம் யாரும் எதையும் தொடவில்லை.

பிறகு கடல்நீர் வரும் வழியை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். முதலில் அடி வால்வை மூடினார்கள். அதை மூடாமல் ஃபில்டரைத் திறந்தால் கடல் உள்ளே வந்துவிடும். ஃபில்டரில் ஒரு கைப்பிடி கடல்தாழை அடைத்துக்கிடந்தது. சுத்தம் செய்து, வால்வைத் திறந்து ஓட்டிப் பார்த்தார்கள். அப்போதும் தண்ணீர் நூலாகத்தான் வந்தது. உடனே நிறுத்தி, வால்வை மறுபடி மூடி, பம்பைப் பிரித்தார்கள். இம்பெல்லரில் இரண்டு இதழ்களைக் காணோம். அந்த ரப்பருக்குக் கடல்நீர்தான் எண்ணெய். தண்ணீர் இல்லாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே கருகிப் பிய்ந்துவிடும்.

கைவசம் இருந்த ஒரே புது இம்பெல்லரை மாட்டிவிட்டுப் பையன் எழுந்தான். “முடிஞ்சுது மாமா!”

“ரெண்டு இதழும் எங்க போச்சு?”

பையனிடம் பதில் இல்லை. பிய்ந்த ரப்பர் தண்ணீரோடு போய் அடுத்த குறுகலில் உட்கார்ந்துகொள்ளும். அப்படியே ஓட்டினால் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் சூடேறும். ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மூடியைக் கழற்றினார்கள். ஒரு துண்டு வாயிலேயே கிடைத்தது. இன்னொன்று குழாய் வளைவில் சிக்கியிருந்தது. இரண்டையும் பழைய இம்பெல்லரோடு பொருத்திப் பார்த்த பிறகுதான் மாமா ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். தண்ணீர் கொட்டியது. முள் இறங்கியது.

“அண்ணே, அதான் ஓடுதே. ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போயிரலாமே” என்றார் ஒரு மடியாள். அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகின்றன. மீன் இல்லையென்றால் பங்கும் இல்லை. “இன்னொரு இம்பெல்லர் இருந்தா இழுக்கலாம்யா” என்று சொல்லிவிட்டு, மாமா படகைக் கரைப் பக்கம் திருப்பினார். டீசலும் ஐஸும் நஷ்டம். ஐந்து பேரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். கரையில் ஃபில்டரைக் கழுவ ஐந்து நிமிடம் செலவழித்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

கடல்நீர் நன்றாகக் கொட்டியும் சூடேறினால், கோளாறு உள் சுற்றில் இருக்கலாம் என்கிறார் மாமா. என்ஜின் ஆறிய பிறகு கூலன்ட் அளவு, பெல்ட், தெர்மோஸ்டாட் என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். ஓடும்போது கூலன்டில் விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட் மேல் சந்தேகப்படலாம். ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் ஸ்டார்ட்டே பண்ணக் கூடாது. தண்ணீர் உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். மற்றவர்கள் படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போது, பையன் ஹீட் எக்ஸ்சேஞ்சரைப் பிரித்து உப்பையும் துருவையும் எடுக்கிறான். அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டி பாதி கரைந்திருந்தால் மாற்றுகிறான். படகின் டூல்ஸ் பெட்டியில் இப்போது புது இம்பெல்லர் இரண்டு இருக்கிறது. அதை வாங்கச் சொல்லி மாமா ஒரு வார்த்தை சொல்லவில்லை.