2004ஆம் ஆண்டுக் கொப்பி

ஆண்டு முடியுந் தறுவாயில், அவ்வாண்டில் மறைந்த பெயர்பெற்றோரின் வரிசையைப் பத்திரிகைகள் வெளியிடுவது வழக்கம். அரசியல் தலைவரும் நடிகரும், விஞ்ஞானியும் பாடகியும், வாழ்நாளில் ஒருவரையொருவர் கண்டும் இராதவர்கள், அவ்வரிசையிலே அருகருகே அமர்ந்திருப்பர். காலன் கூட்டும் அச்சபையிலே எமக்கு மாணவப் பருவந்தொட்டு ஒரு விநோதமான ஈடுபாடு. ஆண்டுக்கொரு கொப்பி வைத்து, மறைந்தார் பெயரும் திகதியும், அவரைப்பற்றி நாலு வரியும் எழுதி வந்தோம். பொழுதுபோக்கென்றே எண்ணியிருந்தோம், உள்ளூர அதிலே ஒரு நீதிபதியின் பெருமிதமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இன்னார் இடம்பெறத் தக்கவர், இன்னார் தகார் என்று தீர்ப்பளிப்பவர் நாமல்லவா?

2004ஆம் ஆண்டில் நாம் கல்முனைக்கு ஆசிரியராக வந்து அதிக காலம் ஆகவில்லை. பிரதான வீதிக்கு மேற்கே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. பத்திரிகை வாங்குவது சாய்ந்தமருதிலே ஒரு காக்காவின் கடையில். வயதால் அவர் எமக்குத் தந்தை முறையானவர். ஆயினும் ஊர் முழுவதுக்கும் அவர் காக்காதான். எமது கொப்பியைப் பற்றி அவருக்குத் தெரிந்த நாள்முதல், மரணச் செய்தி வந்த தாளை மடித்துத் தனியே எடுத்து வைப்பார். "இண்டைக்கு ஒரு மௌத்து இருக்கு சேர்" என்று சொல்லியே கையில் தருவார்.

அவ்வாண்டு எமது கொப்பிக்கு வேலை அதிகம். ஜூன் 5இல் அமெரிக்காவின் முன்னாள் ஜனாதிபதி ரொனால்ட் றேகன். ஜூலை முதலாந் திகதி நடிகர் மார்லன் பிராண்டோ. செப்டெம்பர் கடைசி வாரத்திலோ பேனாவை மூடிவைக்க நேரமில்லை. 24இல் இந்திய அணுவிஞ்ஞானி ராஜா இராமண்ணா மறைந்தார். 1974இல் பொக்ரானில் நடந்த அணுச்சோதனையை வழிநடத்திய அவர், பியானோ வாசிப்பதிலும் தேர்ந்தவர். 28இல் எழுத்தாளர் முல்க் ராஜ் ஆனந்த். தீண்டாமையைப் பற்றிய அவரது நாவல் 1935இல் வெளிவந்தது. 30இல் எமது நாட்டுச் சிங்களத் திரையின் பெருநடிகர் காமினி பொன்சேகா. அவர் வடக்கு கிழக்கு மாகாணத்தின் ஆளுநராகவும் இருந்தவராகையால் அவருக்கு ஆறு வரி கொடுத்தோம்.

ஒக்டோபர் 18இல் சந்தனக் கடத்தல் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டான். அவனைச் சேர்ப்பதா விடுவதா என்று காக்காவிடமே கேட்டோம். "பேர் எடுத்தவன்தானே சேர்" என்று சிரித்தார். நாம் சேர்க்கவில்லை.

நவம்பர் 11இல் யாசிர் அரபாத் பாரிஸ் அருகே ஒரு மருத்துவமனையில் காலமானார். நோன்பு மாதத்தின் கடைசி நாட்கள் அவை. பெருநாள் வியாபாரத்துக்காகத் திறந்திருந்த கடைகளிலும் அன்று பேச்சு அதுவே. காக்கா எமது கொப்பியை எட்டிப் பார்த்தார். "நாலு வரி போதா சேர். ஒரு பக்கம் விடுங்க" என்றார். ஒரு பக்கம் விட்டோம். கொப்பியில் முழுப் பக்கம் பெற்றவர் அதுவரை எவருமில்லை. 1994இல் றபீன், பெரஸ் ஆகியோருடன் சமாதானத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், தமக்கென ஒரு நாடு காணாமலே போய்விட்டார் என்று எழுதியபோது, கடை வாசலில் நின்ற இருவர் தலையசைத்தனர்.

டிசெம்பர் 11இல் எம். எஸ். சுப்புலட்சுமி சென்னையில் மறைந்தார். நாகூர் ஹனிபாவின் குரலுக்குப் பழகியவர் காக்கா. ஆயினும் அன்று நாம் கேளாமலே அந்த அம்மையாரின் படம் வந்த தாளைத் தந்து, "இவக்கும் ஒரு பக்கம் விடுங்க" என்றார். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையிலே அவர் பாடியதையும், 1998இல் பாரத ரத்னா பெற்றதையும் எழுதினோம். டிசெம்பர் 23இல் நரசிம்ம ராவ் காலமானார். 25ஆந் திகதி மாலை அவருக்குரிய வரிகளை எழுதி முடித்தோம். கொப்பியின் கடைசி எழுத்து அதுவே.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காக்கா ஞாயிறு மலர்களைக் கடையில் இறக்கிவிட்டுக் காலை உணவுக்காகக் கடற்கரையை அடுத்த தம் வீட்டுக்குச் சென்றிருந்தார்.

அந்நாளை விரித்துரைக்க எமக்கு இயலாது. இக்கரையோரத்து வாசகருக்கு அது தேவையுமில்லை. மருதமுனையிலும் பாண்டிருப்பிலும், கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும், காரைதீவிலும் நிந்தவூரிலும் கடல் எவர் பெயரையும் கேட்டு எடுக்கவில்லை. நாடெங்கும் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களுள் பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அம்பாறை மாவட்டத்தவர். வேறெந்த மாவட்டமும் அத்தனை பேரை இழக்கவில்லை. காக்காவின் ஜனாஸா இரண்டாம் நாளே கிடைத்தது. அடக்கத்தின்போது நாமும் நின்றோம். அறைக்குத் திரும்பினால் மேசைமேல் அக்கொப்பி கிடந்தது. நீர் அவ்வளவு தூரம் வரவில்லை. அதை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தோம். அவர் பெயரை அதில் எழுதவேண்டும் என்று எமக்குத் தோன்றவேயில்லை.

கொப்பியை மீண்டும் திறக்க வைத்தது ஒரு குழந்தையின் வழக்கு. அலையடித்த அன்று கல்முனை ஆதார வைத்தியசாலையில் எண்பத்தோராவதாகச் சேர்க்கப்பட்ட கைக்குழந்தை அது. ஒன்பது தம்பதியர் அக்குழந்தைக்கு உரிமை கோருவதாக உலகப் பத்திரிகைகள் எழுதின. நீதிமன்றத்தின் முன் வந்ததோ ஒரே தம்பதியினர்தாம். கல்முனை நீதிமன்றம் மரபணுச் சோதனைக்கு உத்தரவிட்டது. 2005 பெப்ரவரியில் முடிவு வந்து, குழந்தை பெற்றோர் மடி சேர்ந்தது.

உயிரியல் கற்பிக்கும் எமக்கு அப்போதுதான் நினைவு வந்தது. 1953இல் டி.என்.ஏ. மூலக்கூறின் இரட்டைச் சுருள் அமைப்பை வாட்சனோடு சேர்ந்து கண்டறிந்த பிரான்சிஸ் கிரிக், 2004 ஜூலை 28இல் இறந்தவர். எக்ஸ் கதிர் ஆய்வினால் அதற்கு வழிசெய்தோருள் ஒருவரும், 1962இல் அவ்விருவரோடு நோபல் பரிசைப் பகிர்ந்தவருமான மோரிஸ் வில்கின்ஸ், அதே ஆண்டு ஒக்டோபர் 5இல் இறந்தவர். கொப்பியைப் புரட்டினால் இருவரும் இருந்தனர், ஆளுக்கு நாலே வரியுடன். அவர்கள் கண்ட நூலேணியைப் பிடித்துக்கொண்டே எமது ஊர்ப் பிள்ளை ஒன்று தாயிடம் ஏறிச் சென்றது. அதைக் காண அவர்கள் இல்லை. (இந்த ஆராய்ச்சிக்கு இன்றியமையாத படத்தைத் தந்த றோசலிண்ட் பிராங்ளின் அம்மையார் 1958இலேயே இறந்துவிட்டார், பரிசிலும் அவருக்குப் பங்கில்லை. எமது கொப்பியைப் போலத்தான் பெரிய சபைகளின் கொப்பிகளும்.)

அன்றுமுதல் மரபணுப் பாடம் தொடங்கும் நாளில் அக்கொப்பியை வகுப்புக்கு எடுத்துச் சென்று கிரிக்கின் பக்கத்தைக் காட்டுவது எமது வழக்கமாயிற்று. அண்மையில் உயர்தர வகுப்பிலே மாணவன் ஒருவன் கொப்பியைக் கேட்டு வாங்கினான். கிரிக்கில் அவன் நிற்கவில்லை. றேகன் முதல் நரசிம்ம ராவ் வரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். வெற்றுத் தாள்களையும் புரட்டினான். பின்னர் தணிந்த குரலில் கேட்டான்:

"எங்கட மூத்தவாப்பாவ எந்தப் பக்கத்துல எழுதியிருக்கீங்க சேர்?"

காக்காவின் பேரன் அவன். சுனாமிக்குப் பின் பிறந்தவன். கொப்பிக்குப் பத்திரிகைத் தாள் எடுத்துவைத்த கதையை வீட்டார் அவனுக்குச் சொல்லியிருக்கின்றனர். தன் பாட்டனார் பெயர் அதில் இருக்கும் என்று இத்தனை ஆண்டும் நம்பியிருக்கிறான். வகுப்பு முழுவதும் எம்மையே பார்த்தது. 'பெயர்பெற்றோருக்கு உரிய கொப்பி இது' என்ற விடை நாவரை வந்தது. அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதனை எப்படிச் சொல்வது? "இன்னும் எழுதவில்லை" என்றோம். பொய்யன்று, ஆனால் உண்மையும் முழுதாக இல்லை.

பாடம் முடிந்தபின் அவனை அருகில் அழைத்து, நரசிம்ம ராவுக்கு அடுத்த தாளை விரித்தோம். பெயரை அவன் சொல்லச் சொல்ல எழுதினோம். ஊர், சாய்ந்தமருது. தொழில், பத்திரிகை விற்பனை. மறைந்த நாள், 2004 டிசெம்பர் 26. பிறந்த ஆண்டு கேட்டபோது தயங்கினான். அடையாள அட்டையில் உள்ள ஆண்டு சரியில்லை என்று மூத்தும்மா சொல்வாவாம்.

"கேட்டுட்டு நாளைக்கு வாறன் சேர். அதுமட்டும் எழுதாதீங்க" என்று சொல்லிச் சென்றான்.

அந்த இடத்தை விட்டு வைத்திருக்கிறோம். பக்கம் முழுவதையுமே விட்டு வைத்திருக்கிறோம்.