அப்பாவும் நாலு ஷாக் அப்சார்பரும்

மக்களே, ரொம்ப நாளா பதிவு எதுவும் போடல. ஆபீஸ்ல ஆணி அதிகம்னு சொன்னா நம்பவா போறீங்க? உண்மையான காரணம் வேற. சாயங்காலம் ஆனா அபார்ட்மெண்ட் பார்க்கிங்ல ஒரு ரிமோட் டிரக்கோட மல்லுக்கட்டிட்டு இருக்கேன், ஹி ஹி.

நான் பொட்டி தட்டுறது டெக்ஸாஸ்ல, டாலஸ் பக்கம். ரிமோட் வண்டி பைத்தியங்களுக்கு இது நல்ல ஊரு. டிராக்சாஸ் கம்பெனி இருக்கற மெக்கின்னி பக்கத்துல தான். அவங்க 2008-ல 'ஸ்லாஷ்' விட்ட அப்புறம் தான் ஷார்ட் கோர்ஸ்ங்கற டிரக் வகை பரவலாச்சு. நிஜ வண்டியில பத்துல ஒரு பங்கு சைஸ். நம்மகிட்ட இருக்கறதும் அந்த வகை தான். செகண்ட் ஹேண்ட்.

போன மாசம் அதோட பிளாஸ்டிக் ஷாக்கை எல்லாம் கழட்டிட்டு, அலுமினியத்துல தடியா நாலு ஷாக் வாங்கினேன். எண்பது டாலர் சொச்சம். இஞ்சினியரிங் படிச்ச மூளை என்ன சொல்லுச்சுன்னா, கெட்டியா இருந்தா ஸ்ட்ராங்கு. டப்பாவுல இருந்ததுலயே கெட்டியான ஸ்பிரிங், 60 வெயிட் ஆயில். மாட்டி முடிச்சு கெத்தா ஓட்டினா, சின்னக் கல்லுல ஏறினாக்கூட தவளை மாதிரி குதிக்குது. வேகத்தடையில பறந்து, இறங்கி, மறுபடி எகிறி, மல்லாந்துடுச்சு. அவ்வ்வ்...

இப்ப அப்பா அம்மா இங்க வந்திருக்காங்க. அம்மாவுக்கு சீரியல் இருக்கு. அப்பாவுக்குப் பொழுதே போகல. நாமக்கல்ல 26 வருஷம் லாரி ஓட்டினவரை ரெண்டு ரூம்ல அடைச்சு வெச்சா என்ன பண்ணுவார் பாவம். படிக்கட்டுல உக்காந்து நான் ஓட்டறதையே பார்த்துட்டு இருந்தவரு, எந்திரிச்சு வந்து டிரக்கை உள்ளங்கையால அமுக்கினார். அது அசையவே இல்ல.

"இதுல என்ன கண்ணு லோடு ஏத்தப் போற?"

"ஒண்ணும் இல்லீங்கப்பா. சும்மா ஓட்டறதுதான்."

"அப்புறம் எதுக்கு பத்து டன்னு பட்டை போட்டு வெச்சிருக்க?"

ஙேன்னு முழிச்சேன். அப்பா சொன்னார்: கேரளாவுக்கு முட்டை லோடு போகும்போது வண்டி மெத்தை மாதிரி போகும், ஒரு முட்டை உடையாது. இறக்கிட்டு காலியா திரும்பும்போது அதே ரோட்டுல தூக்கித் தூக்கிப் போடும். பட்டை லோடுக்குன்னு செஞ்சது, ஆளுக்குன்னு செஞ்சது இல்ல. பட்டைக்குப் பட்டை உரசுறது தான் ஆட்டத்தை அடக்கும், ஆனா துருப்பிடிச்சுப் போனா கல்லு மாதிரி ஆயிடும்னார். நாலு வருஷம் படிச்ச நான் அதைக் கணக்கா எழுதியிருக்கேன். அவரு முதுகுல வாங்கியிருக்கார்.

அன்னிக்கு ராத்திரியே நாலையும் கழட்டினோம். அப்பா டார்ச் பிடிச்சார். இதே வேலை பண்ணப்போற மக்களுக்காக நாங்க கத்துக்கிட்டது:

ஸ்பிரிங் வண்டியைத் தாங்கும், ஆயில் ஆட்டத்தை அடக்கும். ரெண்டும் ஜோடி. சாஃப்ட் ஸ்பிரிங்குக்கு 30 வெயிட்ல ஆரம்பிச்சேன். வெயிட் நம்பர் கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும், பாட்டில்ல சென்டிஸ்டோக்ஸ் போட்டிருந்தா அதை நம்புங்க.

ஷாக்கை நிமித்திப் பிடிச்சு, தண்டைக் கீழ இழுத்து, விளிம்பு வரைக்கும் ஆயில் ஊத்தி, மெதுவா ஏத்தி இறக்கணும். அப்புறம் பத்து நிமிஷம் சும்மா வைங்க, குமிழி எல்லாம் மேல வந்து உடையும். முதல் தடவை அவசரத்துல இதை நான் பண்ணல. உள்ள காத்து மாட்டி பிசுக் பிசுக்னு சத்தம்.

பேட்டரி போட்டு ஒரு அமுக்கு அமுக்கி விட்டா, கீழ்க்கை தரைக்கு சமமா நிக்கணும். ஒரு அடி உயரத்துல இருந்து போட்டா 'தொப்'னு உக்காரணும், எகிறக் கூடாது. எங்களுக்கு பின்னாடி மட்டும் எகிறுச்சு, அங்க 35 ஆக்கினோம். வெயில் காலத்துல ஆயில் இளகும், அப்ப இன்னும் கொஞ்சம் ஏத்தணும். ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க, நம்ம கோடுல பக் தேடற மாதிரி.

முடிக்கும்போது மணி பன்னெண்டு. அப்பா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு தவணையா எந்திரிச்சார். "இது எவ்வளவு கண்ணு?"ன்னார். இருபது டாலர்னு பொய் சொன்னேன். மனசுக்குள்ள ரூபாயா மாத்தினார் போல. "பரவால்ல... எங்க சீட்டுக்கு அடியில இப்படி ஒண்ணு இருந்திருக்கலாம்"னு சிரிச்சார். 2025 அக்டோபர்ல இருந்து நம்ம ஊர்ல தயாராகற 3.5 டன்னுக்கு மேலான லாரிக்கு ஏசி கேபின் கட்டாயம். அதுக்கு முன்னாடியே அவர் வண்டியை விட்டு இறங்கிட்டார். எனக்கு பதில் வரல. அந்த முதுகு தான் எனக்கு காலேஜ் பீஸ் கட்டுச்சு.

மறுநாள் ரிமோட்டை அவர் கையில குடுத்தேன். நான் பறக்க விடற வண்டியை அவர் நடக்க விட்டார். திருப்பத்துல லாரி மாதிரி அகலமா வாங்கித் திருப்பினார். வேகத்தடைக்கு முன்னாடி மெதுவாக்கி, முன் சக்கரம், பின் சக்கரம்னு ஒண்ணொண்ணா இறக்கினார். வண்டி குதிக்கவே இல்ல.

"இப்ப சரியா இருக்கு பாரு"ன்னார்.

இருந்துச்சு.

டிஸ்கி: அந்த எண்பது டாலர் விஷயத்தை எங்க அம்மாகிட்ட யாரும் போட்டுக் குடுத்துடாதீங்க சாமிகளா!