பெட்டியில் எழுதியிருக்கும் பெரிய எண்

பத்திரிகைத் துறையில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டு விடுகின்றது. எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் கொட்டை எழுத்துத் தலைப்பை நம்பாமல், அடியில் இருக்கும் சின்ன எழுத்துகளைத் தேடுகின்ற பழக்கம் அது. அண்மையில் ஒரு கணினி வாங்குகின்ற விடயத்திலும் அது எனக்குக் கைகொடுத்தது.

எனது தங்கையின் மகன் உயர்தரப் பரீட்சையை முடித்துவிட்டான். அவனுக்குக் கணினி வாங்குவதற்கென்றே தங்கை சீட்டுக் கட்டி வந்திருந்தாள். கையில் வந்தது இரண்டு இலட்சத்துச் சொச்சம் ரூபா. படிப்பதற்குத்தான் கணினி என்பது தாயின் நினைப்பு. விளையாடவும் வேண்டும் என்பது மகனின் ஆசை. இரண்டும் தவறில்லை. ஆனால், இந்தப் பணம் ஒருமுறைதான் வரும். கணினி எரிந்துபோனால் இன்னொரு சீட்டு முடியும்வரை காத்திருக்க வேண்டும்.

"மாமா, கேசோடை 500 வாற் பவர் சப்ளை சும்மா வருகுது. அதுக்கு வேறையாக் குடுக்கிற காசை கிராபிக்ஸ் கார்ட்டுக்குப் போடலாம்" என்றான்.

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. மின்வழங்கிக்கு எவ்வளவு கொட்டினாலும் விளையாட்டின் வேகம் துளியும் கூடாது. திரையில் தெரியாத ஒரு பொருளுக்குப் பணம் கொடுக்க எந்த இளைஞனுக்குத்தான் மனம் வரும்?

மின்வழங்கி செய்கின்ற வேலை என்ன? சுவரிலிருந்து வருகின்ற 230 வோல்ற் ஆடலோட்டத்தை 12, 5, 3.3 வோல்ற் நேரோட்டங்களாக மாற்றுகின்றது. மாற்றுவது மாத்திரமல்ல, அவற்றைத் தளம்பாமல் வைத்திருப்பதும் அதன் பொறுப்பு. 1990களில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த நாட்களில் சைக்கிள் டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மிதிப்பவர் களைத்தால் செய்தியாளரின் குரல் மங்கும். வேகமாக மிதித்தால் வானொலிப் பெட்டிக்கே ஆபத்து. கணினியோ வானொலியைவிடப் பல மடங்கு நுட்பமானது. 12 வோல்ற் என்றால் ஏறியும் இறங்கியும் வழமையாக 5 சதவீதத்துக்குள், அதாவது 11.4க்கும் 12.6க்கும் இடையில் நிற்க வேண்டும் என்பது விதி.

மறுநாள் பம்பலப்பிட்டியில் கணினிக் கடைகள் நிறைந்த யூனிற்றி பிளாசாவுக்குச் சென்றோம். பெட்டியோடு சும்மா வருகின்ற அந்த மின்வழங்கியைத் திருப்பி, பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டவணையை வாசித்தேன். 5 வோல்ற்றுக்கு 30 அம்பியர், 3.3 வோல்ற்றுக்கு 28 அம்பியர், 12 வோல்ற்றுக்கு 20 அம்பியர். வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வாற் வரும். முதலாவது 150, இரண்டாவது 92, மூன்றாவது 240. சில்லறைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 500. தலைப்புப் பொய்யில்லை. ஆனால், செய்தி வேறு.

மருமகன் தெரிவுசெய்து வைத்திருந்த கோர் ஐ3 12100எஃப் புரோசசர் அதிகபட்சமாக 89 வாற் எடுக்கும். ரேடியன் ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் அட்டைக்கு 132 வாற். தாய்ப்பலகை, நினைவகம், விசிறி எல்லாவற்றுக்குமாக இன்னுமொரு 50 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 270 வாற்றுக்குச் சற்று மேல். இதில் பெரும்பகுதி 12 வோல்ற் கம்பியில்தான் ஓடும். அந்தக் கம்பியிலோ 240தான் இருக்கின்றது! மீதி 5 வோல்ற்றிலும் 3.3 வோல்ற்றிலும் கேட்பாரற்றுக் கிடக்கின்றது.

இது பழைய காலத்துப் பங்கீடு. ஒருகாலத்தில் கணினிகள் 5 வோல்ற்றையே அதிகம் நம்பியிருந்தன. 2000ஆம் ஆண்டில் பென்ரியம் 4 வந்ததையொட்டிப் பாரம் 12 வோல்ற்றுக்கு மாறத் தொடங்கியது. இன்றைய நல்ல 500 வாற் மின்வழங்கியில் 12 வோல்ற்றுக்கு மாத்திரம் 40 அம்பியர் அளவில் எழுதியிருப்பார்கள். அதாவது 480 வாற்.

270 வாற் வேண்டிய கணினிக்கு 300 போதாதா என்று சிலர் கேட்கலாம். கிராபிக்ஸ் அட்டை கண்ணிமைக்கும் நேரத்துக்குள் தனது அளவைத் தாண்டி இழுத்துவிடும். அதனால்தான் ஆர்எக்ஸ் 6600ஐச் செய்த ஏஎம்டி நிறுவனமே 450 வாற் மின்வழங்கியைப் பரிந்துரைக்கின்றது. அதேவேளை, 850 வாற் வாங்குவதும் வீண்செலவுதான். இந்தக் கணினிக்கு நேர்மையான 500 அல்லது 550 தாராளம்.

பெட்டிகளில் காணப்படும் '80 பிளஸ்' முத்திரை பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் ஆரம்பிக்கப்பட்ட இத்திட்டம், எடுக்கின்ற மின்சாரத்தில் குறைந்தது 80 சதவீதத்தையாவது பயனாகத் தருகின்றதா என்று பார்க்கின்றது. மீதி வெப்பமாகிக் கழிகின்றது. மின்கட்டணம் கட்டுபவருக்கு இது நல்ல செய்தியே. ஆனால், இது சிக்கனத்துக்கான சான்றிதழ். பாதுகாப்புக்கான சான்றிதழ் அல்ல. அதிக வோல்ற், அதிக மின்னோட்டம், அதிக வெப்பம், குறுஞ்சுற்று ஆகியவற்றின்போது தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் ஏற்பாடுகள் இருக்கின்றனவா என்பதைத் தனியாகக் கேட்க வேண்டும். மலிவான மின்வழங்கிகளில் முதலில் வெட்டப்படுபவை இவைதான். அதனால்தான் அவை சாகும்போது சிலவேளை மற்றவற்றையும் கூட்டிக்கொண்டு போகின்றன.

உள்ளே இருக்கின்ற கொள்ளளவிகளும் முக்கியம். 105 பாகை செல்சியஸுக்கெனச் செய்யப்பட்டவை, 85 பாகைக்கெனச் செய்யப்பட்டவற்றைவிட வெப்பத்தை நீண்டகாலம் தாங்கும். கொழும்பு வெயிலில், மூடிய பெட்டிக்குள் இந்த வித்தியாசம் சின்னதல்ல. பெட்டியைப் பிரித்துப் பார்க்க நம்மால் முடியாது. ஆனால், உத்தரவாதக் காலத்தைப் பார்க்கலாம். ஐந்து வருடம் பொறுப்பேற்பவருக்கும் ஒரு வருடத்தோடு கைகழுவுபவருக்கும் தமது பொருளைப் பற்றி நம்மைவிட நன்றாகத் தெரியும்.

நான்கு ஊசி இணைப்பியை எட்டு ஊசியாக மாற்றித் தருகின்ற சிறு வயரைக் கடைக்காரர் இலவசமாக நீட்டினால் வாங்காதீர்கள். எட்டு ஊசி இணைப்பி 150 வாற் வரை கடத்துவதற்கானது. மின்வழங்கியில் அது இயல்பாகவே இல்லையென்றால், அத்தகைய கிராபிக்ஸ் அட்டைக்கு அது உகந்ததல்ல என்பதே பொருள்.

இலங்கையில் இருப்பவர்களுக்கு மேலதிகமாக ஒன்று. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. யூபிஎஸ் வாங்கும்போது அதில் எழுதியுள்ள விஏ எண்ணையும் தலைப்பாகவே கருதுங்கள். சிறிய யூபிஎஸ்களில் பெரும்பாலும் அதில் பாதிக்குச் சற்று மேலான வாற்றே கிடைக்கும். மலிவான சில யூபிஎஸ்கள் தருகின்ற படிக்கட்டு அலை, இன்றைய சில மின்வழங்கிகளோடு ஒத்துப்போவதுமில்லை. இரண்டையும் சேர்த்து இயக்கிப் பார்த்து வாங்குவது நல்லது.

கடையில் நின்றபடியே மருமகன் கைத்தொலைபேசியில் கணக்கைத் திரும்பவும் போட்டுப் பார்த்தான். கண்ணாடிச் சுவரும் வண்ண விளக்குகளும் கொண்ட பெட்டியை விட்டுவிட்டுச் சாதாரண பெட்டியொன்றை எடுத்தான். மிஞ்சிய பணத்தோடு இன்னும் கொஞ்சம் சேர்த்து, ஐந்து வருட உத்தரவாதமுள்ள 550 வாற் மின்வழங்கியை வாங்கினோம். மொத்தச் செலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு அதற்குப் போனது.

வீட்டில் பற்றுச்சீட்டைப் பார்த்த தங்கை, "இவ்வளவு விலையான சாமான் எங்கை இருக்கு? கண்ணிலை காணேல்லையே" என்றாள்.

"உள்ளுக்கை இருக்கம்மா. அதைக் காணாமலே இருக்கிறதுதான் நல்லது" என்றான் மகன்.