ஏழு மாதக் குழந்தையுடன் மலேசியா பயணம்... "பாப்பா காத்திருப்பா, அம்மாயிக்கு 83 வயசாச்சே!"

"கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு மலேசியாவா? ரெண்டு வயசு ஆகட்டுமே, அப்புறம் போகலாம்!"

திருச்சியைச் சேர்ந்த அந்த 30 வயது இளம் தாய், பயணம் முடிவான நாளிலிருந்து கேட்ட அறிவுரை இது. மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, அலுவலகத் தோழிகள் என யாரும் பாக்கியில்லை. எல்லோருக்கும் அவர் சொன்னது ஒரே பதில்தான். "பாப்பா காத்திருப்பா. அம்மாயிக்கு 83 வயசாச்சே!"

அம்மாயி என்றால் அவருடைய அம்மாவைப் பெற்றவர். மலேசியாவின் ஈப்போ நகரில் மகன் வீட்டில் இருக்கிறார். மூட்டுவலியால் இனி விமானம் ஏற முடியாது. கொள்ளுப்பேத்தியை அதுவரை வீடியோ காலில் மட்டுமே பார்த்திருந்தார். "கண்ணு சரியாத் தெரியல, கிட்டக் கொண்டா" என்று போனை முகத்தோடு ஒட்டிக்கொள்வாராம்.

முதல் வேலை பாஸ்போர்ட். கைக்குழந்தை என்றாலும் தனி பாஸ்போர்ட் கட்டாயம். 4 வயதுக்குக் குறைவான குழந்தைகளுக்கு, வெள்ளைப் பின்னணியில் எடுத்த போட்டோவை நாமே கொண்டுபோக வேண்டும். கண் திறந்திருக்க வேண்டும், தலை சாயக் கூடாது. அந்த ஒரு போட்டோவுக்கே ஸ்டூடியோவில் அரை நாள் போனது. சிறுவர்களுக்கான பாஸ்போர்ட் என்பதால் 5 வருடங்கள்தான் செல்லும்.

2 வயதுக்குள் என்றால் விமானத்தில் குழந்தைக்குத் தனி இருக்கை வேண்டாம், மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். ஆனால், டிக்கெட் எடுத்தாக வேண்டும். மலேசியாவுக்குப் போவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் ஆன்லைனில் நிரப்பும் வருகை அட்டையும் குழந்தைக்குத் தனியாக உண்டு. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. 'மனைவி குழந்தையை அழைத்துச் செல்ல எனக்குச் சம்மதம்' என்று கையெழுத்திட்டுக் கொடுத்தார். துணைக்குக் கிளம்பியது, 60 வயது அம்மா.

நான்கு மணி நேரப் பயணத்தில் பெரும்பகுதி பாப்பா தூங்கிவிட்டாள். விமானம் இறங்கத் தொடங்கியதும்தான் வீறிட்டாள். காற்றழுத்தம் மாறும்போது காது அடைக்கும். பெரியவர்கள் எச்சில் விழுங்கிச் சமாளிப்பார்கள், குழந்தைக்கு அது தெரியாது. டாக்டர் முன்பே சொல்லியிருந்தபடி பால் கொடுத்ததும், விழுங்க விழுங்க அழுகை அடங்கியது.

கோலாலம்பூரில் இறங்கி, தாய்மாமா காரில் இன்னும் மூன்று மணி நேரம். வாசலிலேயே காத்திருந்த அம்மாயி கை நீட்டினார். பாப்பா அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது. அடுத்த நொடி வீடே அதிர அலறல்!

ஏழெட்டு மாதக் குழந்தைகள் புதுமுகம் கண்டு மிரள்வது இயல்புதான். ஆனாலும், இரண்டு நாள்கள் பாப்பா அம்மாயி பக்கமே திரும்பாதது அந்தத் தாய்க்கு என்னவோ போலிருந்தது. இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தோம்?

அம்மாயி அசரவில்லை. "அழட்டும் விடு. உங்கம்மாவும் கப்பல்ல ஒரு வாரமும் இப்படித்தான் அழுதா" என்றார்.

1966-ல், எட்டு மாதக் குழந்தையோடு நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பல் ஏறி, பினாங்கு வந்து இறங்கியவர் அவர். அந்தக் குழந்தைதான், பின்னாளில் ஊரிலேயே வாக்கப்பட்டுத் திரும்பிய அம்மா.

"எங்கம்மா துறைமுகம் வரைக்கும் வந்துச்சு. புள்ளைய என்கிட்ட குடுக்கவே மனசில்ல. மூணு வருஷத்துல தந்தி வந்துருச்சு. இங்கேருந்து நான் அனுப்புன போட்டோவத்தான் கடைசிவரைக்கும் வச்சுப் பார்த்துக்கிட்டே இருந்துச்சாம்."

கப்பலில் வந்த கதை அம்மாவுக்குத் தெரியும். இந்தப் பகுதியை அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். எதுவும் பேசாமல் எழுந்துபோய் அம்மாயி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், அம்மாயியின் கண்ணாடி வளையல் சத்தம் பாப்பாவை இழுத்தது. முதலில் ஒரு விரல் தொட்டுப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளாலும் வளையலைப் பிடித்தாள். அப்படியே மடிக்கு ஏறி, அங்கேயே தூங்கியும் போனாள்.

"தொட்டில்ல போட்டுடவா அம்மாயி? முட்டி வலிக்கும்."

"தொடாத. தூங்கட்டும்."

ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தார் அம்மாயி. எழுந்தபோது கால் மரத்துப்போய், இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க வேண்டியிருந்தது.

ஊருக்குத் திரும்பும் நாளில் பாப்பாவின் பாஸ்போர்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எத்தனை வருஷத்துக்குச் செல்லும்?"

"அஞ்சு வருஷம் அம்மாயி."

விரல் விட்டுக் கணக்குப் போட்டவர் சொன்னார்: "அப்ப எனக்கு 88. அதுக்குள்ள, ஓடியாடுற புள்ளையா இன்னொரு தடவ கூட்டிட்டு வந்துடு!"